புதுக் கணினி வாங்குவதற்கு முன்…

பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு 'சிப்' புதிய சொல் அல்ல. 1972-இல் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை திறந்தன. ஃபேக்டரி பஸ் ஏறி ஷிப்டு வேலைக்குப் போய், விடியற்காலையில் வீடு திரும்பிய அக்காமார்களை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். பழைய இன்டெல் சிப்புகள் பலவற்றின் மேல் 'மலாய்' என்ற முத்திரை இருக்கும். நம் ஊர்ப் பெண்களின் கைபட்டு உலகம் சுற்றியவை அவை.

அப்படிப்பட்ட ஊரில்கூட, வீட்டில் ஒரு கேம் ஓடவில்லை என்றால் முதலில் வரும் பேச்சு ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு."

என் அக்கா வீட்டிலும் அதேதான். அவள் மகனின் உயிர் நண்பன் குடும்பத்தோடு ஜொகூருக்கு மாறிப் போய்விட்டான். இரண்டு பேரும் சந்திப்பது இணையத்தில் ஆடும் ஒரு கேமில்தான். ஒருநாள் கேம் திறக்க மறுத்தது. கடையில் கேட்டால், "2019 மாடல், இனி தாங்காது, மூவாயிரம் ரிங்கிட்டுக்குப் புதுசு எடுங்க" என்றார்கள். இபிஎஃப் ஃபிளெக்ஸிபல் கணக்கிலிருந்து பணம் எடுக்க அத்தான் தயாராகிவிட்டார். பையனோ, "வேண்டாம்பா, நான் விளையாடல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் அக்காவைக் கலங்க வைத்தது.

"திரையில என்ன எழுதியிருக்கு? அப்படியே வாசி" என்றேன். வானொலிக்காரிக்கு வாசித்துப் பார்க்காமல் எதுவும் ஏறாது. "செக்யூர் பூட் தேவை, சித்தி" என்றான். விஷயம் அங்கேயே இருந்தது.

கணினி விழிக்கும்போது, நம்பகமான மென்பொருள்தான் முதலில் ஏறுகிறதா என்று சரிபார்க்கும் காவல்தான் செக்யூர் பூட். டிபிஎம் 2.0 என்பது ரகசியக் குறியீடுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம். ஏமாற்று ஆட்டக்காரர்களைத் தடுக்கச் சில கேம்கள் இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன. விண்டோஸ் 11-இல் 'வாலரன்ட்' ஆட இரண்டுமே வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வந்த பல கணினிகளில் இந்த வசதிகள் இருக்கின்றன. அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அக்கா வீட்டுக் கணினியில் பயோஸ் பக்கம் போய் அதை இயக்கினோம். அன்றிரவே ஜொகூர்க்காரனின் குரல் கேட்டது.

திரையில் வரும் செய்தி எப்போதும் உண்மையான இடத்தைக் காட்டும் என்றும் சொல்ல முடியாது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சிலவற்றில் கேம்கள் பாதியில் நின்றன. 'வீடியோ மெமரி போதவில்லை' என்று திரை சொன்னதால் பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கோளாறு இருந்ததோ பிராசசரில். தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறியதை ஒப்புக்கொண்ட இன்டெல், திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. கார்டை மாற்றியிருந்தால் காசுதான் போயிருக்கும்.

எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்ற முடியாது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல், ஒருசில விலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் முதலில் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டினால் பிராசசர், பயோஸ் வகை, செக்யூர் பூட் நிலை மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். பயோஸ் வகை 'லெகஸி' என்றிருந்தால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வட்டின் அமைப்பை மாற்றாமல் அதைத் தொட்டால் விண்டோஸே திறக்காமல் போகலாம். படங்களையும் பாடங்களையும் வேறோர் இடத்தில் சேமித்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியையும் குறித்து வையுங்கள்.

கடைக்குப் போனால், "பழசா?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பாகம் எதோடு ஒத்துப்போகவில்லை? காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடிந்தவரிடம் பணத்தைக் கொடுக்கலாம்.