சூடேறினால் சண்டித்தனம்

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிக்கப் நிற்கிறது. 1980களில் ஜப்பானில் செய்யப்பட்ட டீசல் வண்டி. மத்ரஸாவுக்கு அரிசி மூடை ஏற்றுவதும், மாதம் ஒரு முறை மாமியைக் கண்டிக்குக் கிளினிக்குக்குக் கொண்டு போவதும் அதில்தான். மாமிக்கு நீரிழிவும் பிரஷரும் உண்டு. மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போவதென்றால் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். வண்டியின் கோளாறு வெளிப்பட்டதும் அங்கேதான்.

காலையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து திறப்பைத் திருப்பினால் அரைச் சுற்றில் பிடித்துவிடும். ஏற்றம் ஏறி, 1832இல் கட்டப்பட்ட டோசன் கோபுரத்தைத் தாண்டி, மாமி தேநீர் கேட்கிறார் என்று ஒரு கடையடியில் நிறுத்தினோமோ, தொலைந்தது. பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் கறகறவென்று சுற்றுமே தவிரப் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாதது போல ஓடும்.

இரண்டாம் முறை இப்படியானபோது கடையிலிருந்தவர்கள் சேர்ந்து தள்ளினார்கள். மாமி இறங்கி, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு பாதையோரம் நின்றார். அடுத்த மாதம் கிளினிக் நாளன்று, “எனக்கு இப்ப நல்ல சுகம் மகன், போகத் தேவையில்ல” என்றார். நானும் நம்பிவிட்டேன். மருந்து முடியாமல் இருக்க அவர் குளிசையைப் பாதியாக உடைத்துக் குடித்து வந்ததை இரண்டு கிழமை கழித்துத்தான் என் மனைவி கண்டுபிடித்தாள்.

அதற்குள் நான் வீண் செலவும் செய்திருந்தேன். அருகிலுள்ள கராஜில் பற்றரி பழசு என்றார்கள், மாற்றினேன். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றார்கள், அதுவும் செய்தேன். சற்று நிதானித்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். பற்றரியோ, ஸ்டார்ட்டரோ, எர்த் வயரோ பழுதென்றால் சூட்டில் என்ஜின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றும். எங்கள் வண்டி காலையில் சுற்றும் அதே வேகத்தில்தான் சூட்டிலும் சுற்றியது.

கடையடியில் வண்டி நின்ற அன்று, பின்பக்கம் மாமியின் பையோடு நின்ற மனைவி, “இஞ்ச பாருங்க, காலையில எடுக்கக்குள்ள வெள்ளப் புகை வருமே, இப்ப புகையே இல்ல” என்று சொன்னாள். “நீங்க ஒருக்கா சும்மா இருங்க” என்று நான் எரிந்து விழுந்தேன். டீசல் பம்ப் திருத்தும் வயதான பாஸ் ஒருவரிடம் பின்னர் போனபோது, பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தார். “அத யார் பார்த்த, மௌலவி?”

அவர் விளக்கியது இதுதான். சுற்றும்போது புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. குழாயில் எங்காவது காற்றுப் புகுந்தால் இரவெல்லாம் நின்ற பிறகு காலையில்தான் கஷ்டம் வரும். நம்முடையது அதற்கு நேர்மாறு. பம்புக்குள் ஓர் உருக்குத் தண்டு, மயிரிழையிலும் மிகச் சிறிய இடைவெளியில் சுழன்று டீசலை அழுத்துகிறது. அது தேய்ந்தால் இடைவெளி கூடும். டீசல் குளிராக இருக்கையில் சற்றுத் தடிப்பு, கசிவது குறைவு. சூடேறினால் அது நீர்த்து, அழுத்தம் சேராமல் பக்கத்தால் ஒழுகிவிடும். ஓடும்போது பம்ப் வேகமாகச் சுழல்வதால் ஒழுக நேரமில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்தில்தான் குட்டு வெளிப்படுகிறது.

வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பிடிக்கவில்லை என்று கண்ட பிறகு, ஒரு பழைய துணியை நனைத்து பம்பின் மேல் போர்த்தினார். துணி சூடாக, திரும்பவும் நனைத்தார். சில நிமிடங்களில் திறப்பைத் திருப்பச் சொன்னார். பிடித்தது! (வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, என்ஜின் ஓடும்போது அறவே கூடாது. திடீர்க் குளிரில் பம்ப் இறுகிப் போகலாம்.)

தேய்வுக்குக் காரணம் என் சோம்பல். அந்த பம்புக்கு டீசல்தான் எண்ணெயும். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கிறது. வண்டி வாங்கிய நாள்முதல் நான் அதைத் தொட்டதேயில்லை.

பம்பின் தலைப்பகுதியையும் தண்டையும் மாற்ற என் இரண்டு மாதச் சம்பளமளவு போனது. பாதி, மனைவியின் சீட்டுப் பணம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “புகையக் கண்டதச் சொன்னன், அவ்வளவுதான்” என்றாள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் மாமியை நன்றாக ஏசினார், மருந்தும் கூடியது. திரும்பும் வழியில் அதே கடையடியில் நிறுத்தினேன். மாமி இறங்க மறுத்துவிட்டார். “மகன், என்ஜினை நிப்பாட்டாம வெச்சிருங்களே.” நான் நிறுத்திவிட்டுத் தேநீரை அவர் கையிலேயே கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துத் திருப்பினேன்; உடனே பிடித்தது. மாமி ஒன்றும் பேசவில்லை. சிறிது தூரம் போனதும், “அடுத்த கடையிலயும் ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்க” என்றார்.