புரியாத வரியைத் தூக்கிப் போடாதீங்க

லாக் ஃபைலை யாராவது ஆசைப்பட்டுப் படிச்சிருக்கீங்களா? ஏதாவது உடைஞ்சாதான் திறப்போம். ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்ததும் மூடிடுவோம். இதுக்காகவே லினக்ஸ்ல லாக்வாட்ச்னு ஒரு பழைய டூல் இருக்கு. தினமும் ஒருமுறை ஓடி, முந்தைய நாள் லாக்கைச் சுருக்கி மெயிலில் அனுப்பிடும்.

அதுக்குச் சொந்தமா ஒரு மாட்யூல் எழுத மூணே ஃபைல் போதும். எந்த லாக்கைப் படிக்கணும்னு சொல்ல ஒண்ணு, தலைப்பு மாதிரி செட்டிங்ஸுக்கு ஒண்ணு, உண்மையான வேலையைச் செய்யற ஸ்கிரிப்ட் ஒண்ணு. லாக் வரிகள் ஸ்டாண்டர்டு இன்புட்ல வரும். படிச்சு, எண்ணி, பிரிண்ட் பண்ணினா முடிஞ்சது. லாக்வாட்ச் பெர்ல்ல எழுதினது, ஆனா நம்ம ஸ்கிரிப்ட் எந்த மொழியிலயும் இருக்கலாம். நான் பைத்தான்ல எழுதினேன்.

எதுக்குன்னு கேட்பீங்க. சின்னமனூர்ல எங்க சித்தப்பாவுக்கு வாழைத் தோப்பு இருக்கு. மும்முனை கரண்ட் வர்றப்பதான் மோட்டார் போட முடியும். நடுராத்திரி வந்தா டார்ச்சோட தோப்புக்குள்ள நடக்கணும், பாம்பு பயம் வேற. அதனால கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே போடற மாதிரி ஒரு ராஸ்பெர்ரி பை வெச்சேன். ஒவ்வொரு ஆன், ஆஃபும் சிஸ்லாக்ல பதிவாகும். காலையில ஹாஸ்டலுக்கு போன் வரும்: "ஏப்பா, ராத்திரி தண்ணி பாஞ்சுச்சா?"

மோட்டார் வரிகளை எண்ணறது சுலபம். மத்த வரிகளை என்ன செய்யறதுங்கறதுதான் கஷ்டம். எதுவும் பிரிண்ட் ஆகலைன்னா லாக்வாட்ச் அந்தப் பகுதியையே ரிப்போர்ட்ல காட்டாது. அப்போ எல்லாம் நல்லா இருக்கா, இல்ல பதிவே ஆகலையான்னு எப்படித் தெரியும்? அதனால மோட்டார் ஓடாத நாளிலும் "0 முறை" என்று ஒரு வரி கட்டாயம் வரும்படி வெச்சேன்.

அடுத்தது, லாக்வாட்ச் மாட்யூல்களில் ரொம்ப நாளா இருக்கற ஒரு நல்ல பழக்கம். தெரிஞ்ச வரியை எண்ணு, தேவையில்லாததைப் பெயர் சொல்லி ஒதுக்கு, ரெண்டிலும் சேராததை "அன்மேட்ச்டு என்ட்ரீஸ்" என்ற தலைப்பில் அப்படியே காட்டு. ஒருநாள் அங்கே "அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்" என்று ஒரு வரி வந்தது. பைக்கு வர வேண்டிய 5 வோல்ட் சுமார் 4.63க்குக் கீழே இறங்கினா கெர்னல் எழுதற எச்சரிக்கை அது. அப்படியே விட்டிருந்தா ஏதாவது ஒரு ராத்திரி பை தானா ரீஸ்டார்ட் ஆகி, பாதித் தோப்பு காய்ஞ்சிருக்கும். நான் தேடச் சொல்லாத வரி அது. அடாப்டரை மாத்தினோம்.

இப்போ சித்தப்பா ராத்திரியில தோப்புக்குப் போறதில்லை. அவர் நம்பறது என் ஸ்கிரிப்ட் சொல்ற ரெண்டு வரியைத்தான். நீங்க மாட்யூல் எழுதறப்போ ரிப்போர்ட் அழகா இருக்கணும்னு எல்லாத்தையும் ஒதுக்கற லிஸ்ட்ல போடத் தோணும். போடாதீங்க. அர்த்தம் புரிஞ்ச வரியை மட்டும் ஒதுக்குங்க. புரியாததை, கொஞ்சம் அசிங்கமா இருந்தாலும், கண்ணுல படற இடத்துல விட்டு வையுங்க.