டிசம்பர் 3க்கு முன், டிசம்பர் 3க்குப் பின்

என் மகள் இந்தியக் குடிமகள். அவளுக்கு மூன்று வயது இளையவனான என் மகன் குடிமகன் இல்லை. இருவரையும் பெற்றவள் ஒருத்திதான். வேப்பனப்பள்ளிக்காரி, ஓட்டுரிமை உள்ளவள். இருவருக்கும் அப்பன் நான்தான்; 1990இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கியவன். மகள் பிறந்தது 2003, மகன் 2006. இடையில், 2004 டிசம்பர் 3ஆம் தேதி, குடியுரிமைச் சட்டத் திருத்தம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் வரை இங்கே பிறந்த பிள்ளைக்கு அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தால், ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவன் சட்டத்தின் கணக்கில் அந்த வகைதான். வந்தபோது எனக்கு ஒன்பது வயது, பாதி வழி அம்மா மடியில் தூங்கிக்கொண்டு வந்தேன் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

வெளிநாடு போய்த் தஞ்சம் கேட்கலாமா என்று அகதி முகாமிலிருந்து பையன்கள் அவ்வப்போது என்னைத் தேடி வருவார்கள். நான் வக்கீல் இல்லை; ஓசூர் பக்கம் அடுக்குமாடிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் மேஸ்திரி. ஆனால் முப்பது வருடத்துக்கும் மேலாகத் தாள்களோடு மல்லுக்கட்டியவன் என்று ஒரு பெயர் உண்டு. அவர்கள் கேட்பது எந்த வழி, எந்த ஏஜென்ட், எவ்வளவு ஆகும் என்று. நான் முதலில் என் பிள்ளைகளின் பிறந்த தேதிகளைத்தான் சொல்வேன். எந்த வழியில், எந்தத் தாளோடு உள்ளே போனாய் என்ற கேள்வி போகிறவனோடு முடிவதில்லை. இன்னும் பிறக்காத பிள்ளை வரைக்கும் அது நடந்து வரும்.

வேப்பனப்பள்ளியில் எல்லை என்றால் யாருக்கும் பயம் கிடையாது. ஒரு பக்கம் ஆந்திரத்துக் குப்பம், இன்னொரு பக்கம் கர்நாடகத்துக் கோலார் மாவட்டம். காலையில் தக்காளிக் கூடையோடு ஒரு மாநிலத்துக்குப் போய், மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்புகிற ஊர். என் மாமியார் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். தண்ணீருக்குத்தான் இங்கே எல்லைத் தகராறு. யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியதிலிருந்து மார்க்கண்டேய நதியைப் பற்றிய பேச்சு டீக்கடையில் ஓயவில்லை. மனிதர்களை யாரும் நிறுத்துவதில்லை. நான் மட்டும் குப்பம் பஸ்ஸில் ஏறினால் தெலுங்கில்தான் டிக்கெட் கேட்பேன். யாரும் என்னைச் சோதித்ததில்லை. ஆனாலும் அந்த மைல்கல்லைத் தாண்டும்போது சட்டைப் பையில் பதிவுச் சீட்டு இருக்கிறதா என்று கை தானாகத் தடவிப் பார்க்கும். முகாமில் வளர்ந்தவனுக்கு அது போகாது. செக்கிங் நாளில் ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள், பதிவு போனால் பணக்கொடையும் அரிசியும் போகும். பெங்களூரில் ஒரு வாரம் வேலை கிடைத்தாலும் அனுமதி எழுதி வாங்காமல் கிளம்ப முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு, முகாமுக்கு வெளியே வாழ்கிறவர்களுக்கான வெளிப்பதிவுக்கு மாறி இந்த ஊரில் குடியேறினேன். இப்போது பணக்கொடை இல்லை, போலீஸ் ஸ்டேஷன் கையெழுத்து உண்டு.

அந்தப் பதிவுச் சீட்டு எப்படிப் பிறந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண்டபம் முகாமில் ஒரு மேசை, நீளமான பேரேடு, எதிரே ஒரு எழுத்தர். எப்போது புறப்பட்டீர்கள் என்று கேட்டார். அப்பா கடற்றொழிலாளி, காலண்டர் பார்த்து வாழ்ந்தவர் அல்ல. "மடு மாதா ஆவணித் திருநாள் முடிஞ்சு ரெண்டாம் கிழமை" என்றார். மன்னாரில் கிழமை என்றால் வாரம். எழுத்தர் நாள் என்று எடுத்துக்கொண்டு ஒரு தேதியைப் போட்டார். அந்தத் தேதிதான் இன்றுவரை எங்கள் குடும்பத்தின் எல்லாத் தாளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு வந்த ஒவ்வொரு விசாரணையிலும் அப்பா உண்மையான தேதியைச் சொல்வதா, எழுதியிருக்கும் தேதியைச் சொல்வதா என்று திணறுவார். உண்மை பேசுகிற மனிதர், பொய் சொல்கிறவர் போல முழிப்பார்.

ஆகவே பையன்களிடம் சொல்வது: கிளம்புவதற்கு முன் உன் வாழ்க்கையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுது. தேதி தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுது. அதிகாரியிடமும் அப்படியே சொல். உனக்குப் புரிகிற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள். இலங்கைத் தமிழ் பேசுகிறவனுக்கு இந்தியத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எல்லா நேரமும் உதவமாட்டார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே.

என் அக்கா மகன் முகாமிலேயே பிறந்தவன், டிப்ளமோ முடித்தவன். கனடாவுக்குப் போகிறேன் என்று கிளம்பினான். ஏஜென்ட் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்: விமானத்தில் தென் அமெரிக்கா, அங்கிருந்து தரை வழியாக வடக்கே அமெரிக்கா, அப்புறம் ரோக்ஸம் ரோடு என்ற கிராமத்துச் சாலையில் நடந்தால் கனடா.

"அங்க போலீஸே பெட்டியத் தூக்கிக் குடுப்பாங்களாம் மாமா."

"அது எந்த வருஷத்துக் கதைடா?"

நியூயார்க் மாநிலத்துக்கும் கியூபெக்குக்கும் நடுவே அப்படி ஒரு பாதை இருந்தது உண்மை. அமெரிக்காவும் கனடாவும் 2004 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒப்பந்தப்படி, இரண்டில் எந்த நாட்டில் முதலில் கால் வைத்தாயோ அங்கேதான் தஞ்சம் கேட்க வேண்டும். அந்த விதி அதிகாரபூர்வமான சோதனைச் சாவடிகளுக்கு மட்டும்தான் என்பதால், சாவடி இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்து போனார்கள். 2023 மார்ச் 25 முதல் முழு எல்லைக்கும் அதே விதி. அதற்குப் பிறகும் ஏஜென்டுகள் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. 1980களில் ஈழத்துப் பிள்ளைகள் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கு பெர்லினில் தஞ்சம் கேட்டார்கள். 1986 முடிவதற்குள் அந்த வாசலும் அடைபட்டுவிட்டது. திறந்திருந்த கதை மட்டும் முகாமில் பல வருடம் சுற்றியது.

அவனுக்கு டொராண்டோவில் சொந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் உறவுக்கு ஒரு விலக்கு உண்டு என்பதை ஏஜென்ட் சொல்லவே இல்லை. கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி இருந்தால் சாவடியிலேயே போய் நின்று கேட்கலாம். ஆனால் சித்தப்பா கணக்கில் வருவார், சித்தப்பா மகன் வரமாட்டான். நாம் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிற ஆள் அங்கே உறவே இல்லை. அவனுக்கு அங்கே இருப்பது இரண்டு அண்ணன்மார், இருவருமே சித்தப்பா பிள்ளைகள். அவன் அப்பா, அதாவது என் அத்தான் வழியில் ஒரு சித்தப்பா மட்டும் தேறுவார். அவரும் அத்தானும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்று காட்ட இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும்.

வந்த வழியை மறைக்காதே என்றும் சொன்னேன். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வருவதாக முதலில் சொன்னார்கள்; மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது சில நாளில் தெரிந்துவிட்டது. அன்றைய கனடா பொறுத்துக்கொண்டது, தங்க அனுமதித்தது. கைரேகையை நாடுகள் பகிர்ந்துகொள்கிற இந்தக் காலத்தில் அப்படி ஒரு பொய் ஒரு நாள்கூடத் தாங்காது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்துக் காரணம் சொல்கிறவனை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஒளிந்து திரிந்து பிடிபட்டால் அந்தப் பாதுகாப்பு தேய்ந்துபோகும். இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இங்கே நமக்குக் கிடைத்ததெல்லாம் அரசாணைகளின் தயவு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவனுக்குப் பிடிக்காத ஒன்றையும் கேட்டேன்: எதற்குப் பயந்து போகிறாய்? இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. இந்த ஐந்தில் ஒன்றுக்காக உன்னை வதைப்பார்கள் என்று காட்ட வேண்டும். வேலை இல்லை, கம்பெனி எடுக்கவில்லை என்பது அந்த ஐந்தில் வராது. நீ இலங்கையைப் பார்த்ததே இல்லை, இந்தியாவில் இத்தனை வருடம் உயிருக்குப் பயமில்லாமல் இருந்தாய் என்று அதிகாரி கேட்பார். அவன் முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாங்க படறதெல்லாம் கஷ்டமே இல்லையா மாமா?" என்றான். கஷ்டம்தான். 2022இல் பட்டினிக்குப் பயந்து தனுஷ்கோடி மணல் திட்டில் குழந்தைகளோடு வந்து நின்றவர்கள் பட்டதும் கஷ்டம்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கதை விற்கிறவன் வாயால் கேட்காமல், சொந்த மாமன் வாயால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

எனக்கும் ஒரு காலத்தில் கிளம்பிவிடும் எண்ணம் இருந்தது. மகளுக்குப் பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று வீடே கொண்டாடியது. நீல அட்டையைக் கையில் வாங்கியபோது எனக்கு முதலில் வந்தது பெருமை இல்லை, பொறாமை. பெற்ற பிள்ளை மேலேயே பொறாமை. அதைக் காட்டாமல் இருக்கக் கடைக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தேன். மகன் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு எப்போ அப்ளை பண்ணலாம்?" என்றான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அந்தப் பதிலை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பெற்றோர் யாரானாலும் குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்த அடிப்படையில் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2025இல் வந்த புதிய குடிவரவுச் சட்டத்தின் விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விடுவித்திருக்கிறது. அதற்காக நாங்கள் பட்டாசு வெடிக்கவில்லை. குடியுரிமை வேறு கதை. ஆனால் அந்த விலக்கு கிடைப்பதும் மண்டபத்துப் பேரேட்டில் பெயர் ஏறியவனுக்குத்தான். தேதி தப்பாக இருந்தாலும் பதிவு பதிவுதான்.

அக்கா மகன் இப்போதைக்கு ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்கவில்லை. அத்தானுடைய, சித்தப்பாவுடைய பிறப்புச் சான்றிதழ்களுக்கு மன்னாரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அலைந்துகொண்டிருக்கிறார். ஒன்று வந்துவிட்டது. அதில் தாத்தாவின் பெயர் சந்தியாப்பிள்ளை, அத்தானின் முகாம் அட்டையில் சந்தியாகு. அதைத் திருத்த மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.