கொஞ்ச நாள்தானே

2020-ஆம் ஆண்டு மார்ச் 14, சனிக்கிழமை. முதல் தவணை விடுமுறையின் முதல் நாள். மகிழுந்தில் ஏழு நாளுக்கான உடுப்புகளை ஏற்றிக்கொண்டு, மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு காஜாங்கிலிருந்து புறப்பட்டேன். பத்தாங் பெர்ஜுந்தையில் தனியாக வாழும் அம்மாவுடன் ஒரு வாரம் தங்குவதாகத் திட்டம். அந்த ஊரின் பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா என மாறிவிட்டது. அம்மாவின் வாயில் அது இன்றுவரை மாறவில்லை. அதனால் எங்கள் வாயிலும் மாறவில்லை.

வழியில் ‘தென்னமரம்’ என்ற தோட்டப் பெயரைப் படித்த மகன், “அம்மா, தென்னை மரமே இல்லையே?” என்று கேட்டான். அவன் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைதான் நின்றது. அன்றிரவு பாட்டியிடமும் அதே கேள்வியைக் கேட்டான். “பேருதான் தென்னை. நட்டது என்னவோ பனை” என்று அம்மா முடித்துவிட்டார். நான்தான் விடாமல் விளக்கினேன். 1917-இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தத் தோட்டத்தில் செம்பனையை நட்டார். இந்நாட்டில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்ட முதல் இடம் அதுதான். பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் மகன் உறங்கிவிட்டான்.

அந்த வாரத்தில் மெலாவத்தி குன்றுக்குப் போய்க் குரங்குகளைப் பார்ப்பது, ஒரு மாலை கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிப் பூச்சிகளைப் பார்ப்பது என்று பிள்ளைகள் பட்டியல் போட்டிருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. மார்ச் 16 இரவு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். மார்ச் 18 முதல் 31 வரை பள்ளிகள், அலுவலகங்கள், வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் மூடப்படும். நாங்கள் உடனே வீடு திரும்பியிருக்கலாம். ஆனால், என் கணவர் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவர். கோறனி நச்சில் பரவத் தொடங்கிய நேரத்தில் அவருக்கு விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. “தினமும் நோயாளிகளின் மாதிரிகளைத் தொட்டுவிட்டு வருகிறேன். பிள்ளைகள் இப்போது இங்கே வரவேண்டாம். கொஞ்ச நாள்தானே, அங்கேயே இருங்கள்” என்றார்.

ஏழு நாளுக்கு என்று போன நாங்கள் அங்கே இருந்தது 91 நாள்.

அம்மா ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. முதலில் பால்மரம் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போட்டார், உதிரிப் பழம் பொறுக்கினார். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்பதால் அப்பாவும் அம்மாவும் ஊழியர் சேமநிதியைப் போட்டு ஒரு மலிவு விலை வீடு வாங்கினார்கள். அதில் இரண்டே அறைகள். ஒன்றை எனக்கும் மகளுக்கும் கொடுத்தார். மற்றொன்றில் தையல் இயந்திரமும் பழைய சாமான்களும் இருந்தன. மகன் பாட்டியோடு கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான்.

முதல் சில நாள்கள் விடுமுறை போலவே கழிந்தன. பிறகுதான் சங்கடங்கள் தொடங்கின. பணி நிறுத்தி 17 ஆண்டுகள் ஆகியும் அம்மா விடியற்காலை நான்கரைக்கு எழுந்துவிடுவார். பிரட்டுக்குப் போன உடம்பு, படுத்திருக்கச் சொன்னால் கேட்காது. இருட்டிலேயே வாசல் கூட்டும் சத்தம் கேட்கும். என் மகளோ ஒன்பது மணிக்கு இயங்கலை வகுப்பு என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்கு எழுபவள். வீட்டுக்குள் இணையம் சரியாகக் கிடைக்காது. முன்வாசல் ரம்புத்தான் மரத்தடியில்தான் கிடைத்தது. அதனால் படிவம் இரண்டின் அறிவியல் பாடம் ரம்புத்தான் மரத்தடியில் நடந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் நடுநடுவே கூவும். “தலையைக்கூட வாராம வாத்தியார் முன்னால உட்கார்ந்திருக்கா” என்று அம்மா சீப்போடு போய்ப் பின்னால் நிற்பார். நிழற்படக் கருவியில் பாட்டியின் கை மட்டும் தெரிகிறது என்று வகுப்பே சிரித்ததாக மகள் அழுதாள்.

எனக்கும் அம்மாவுக்கும் இடையே சமையலறை இருந்தது. ஒருநாள் அவர் தூங்கும்போது அலமாரியைத் துடைத்து, உப்பு, புளி, பருப்பு டப்பாக்களை என் வீட்டில் வைப்பதுபோல் வரிசைப்படுத்தி வைத்தேன். நல்லது செய்ததாக நினைப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த குடும்பம்தான். ஆனால், அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கு இல்லை என்பது அன்றைக்குப் புரிந்தது.

ஏப்ரல் முதல் கட்டுப்பாடு இறுகியது. குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டுமே கடைக்குப் போகலாம். அதுவும் 10 கிலோமீட்டருக்குள். சாலையில் காவலர்கள் மகிழுந்தை நிறுத்தி விசாரித்தார்கள். பிள்ளைகள் மிரண்டார்கள். அம்மாவிடம் மட்டும் எந்தப் பதற்றமும் இல்லை. “ஊரடங்கு எனக்கென்ன புதுசா?” என்று கேட்டார்.

அம்மா பிறந்தது 1948-இல். அவசரகாலம் அறிவிக்கப்பட்ட ஆண்டும் அதுதான். அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களிலிருந்து தொழிலாளர்களை ஓரிடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். பாட்டியின் குடும்பமும் தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்த வேலிக்குள் போனது. பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். காட்டிலிருக்கும் போராளிகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்பதற்காக, பால்வெட்டப் போகிறவர்கள் உணவு கொண்டுபோகத் தடை. காலையில் கேட்டில் நிறுத்திப் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பார்களாம். “அப்பயும் கொஞ்ச நாளைக்குன்னுதான் சொன்னாங்க” என்றார் அம்மா. அவசரகாலம் முடிந்தது 1960-இல்.

அந்தப் பேச்சில்தான் பாட்டியின் தகரப் பெட்டியும் வந்தது. தையல் இயந்திரத்துக்குக் கீழே அது இன்னும் இருக்கிறது. பாட்டி 1937-இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கினார். இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. மூன்று ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று கங்காணி சொல்லி அழைத்து வந்தாராம். பிறகு போர் வந்தது, ஜப்பானியர் ஆட்சி வந்தது, முள்வேலி வந்தது, பிள்ளைகள் ஏழு பேர் வந்தார்கள். ஊருக்குப் போகும்போது உடுத்துவதற்கென்று ஒரு சேலையை மட்டும் அந்தப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1994-இல் அவர் இறந்தபோது அதைத்தான் உடுத்திவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் துயரம் எதுவும் இல்லை. “நல்ல சேலை. மடிப்புல கிழிஞ்சிருந்துச்சு” என்றார். இப்போது அந்தப் பெட்டியில் அம்மாவின் அடையாளப் பத்திரங்களும் எங்களுடைய பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளும் இருக்கின்றன.

ஏப்ரல் 7 மாலை. மகனின் ஆசிரியை புலனத்தில் கணிதப் பயிற்சி ஒன்றை அனுப்பியிருந்தார். வீட்டிலுள்ள பொருள்களைப் பத்துப் பத்தாகக் கூட்டி எண்ண வேண்டும். புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான் என்று எண்ணி முடித்தவன், அலமாரியிலிருந்து பாட்டியின் நீரிழிவு மாத்திரைப் பையை எடுத்து வந்தான். “அம்மா, இது சுலபம். இரண்டு அட்டையில் பத்து, ஓர் அட்டையில் ஏழு. மொத்தம் 27.”

நான் பையின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ஜனவரி 6 என்று தேதியிட்டிருந்தது. நாளுக்கு இரண்டு வீதம் இரண்டு மாதத்துக்கு 120 மாத்திரைகள். மார்ச் தொடக்கத்திலேயே தீர்ந்திருக்க வேண்டிய மருந்து. 93 நாளில் 93 மாத்திரைகள்தாம் குறைந்திருந்தன.

அப்பா 2014-இல் இறந்த பிறகு நான் ஒவ்வோர் இரவும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து வந்தேன். “சாப்பிட்டீங்களா? மருந்து போட்டீங்களா?” “ஆச்சு, ஆச்சு.” அதோடு என் கடமையும் ஆயிற்று. அந்த வீட்டுக்கு வந்தே மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று பகல் முழுவதும் கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மாணவர்கள் உடல்நலம் பேணுவதைப் பற்றிய பாடத்திட்டக் குறிப்பைத்தான் நான் திருத்திக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரைகளை முன்னால் வைத்துக் கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா முதலில், “ஒன்னே போதும்னு தோணுச்சு” என்றார். மகன் அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டான். பிறகு மெல்லச் சொன்னார். முன்பு கிளினிக்குக்கு அழைத்துப் போன பக்கத்து வீட்டுப் பையன் வேலை கிடைத்து ரவாங்குக்குப் போய்விட்டான். வாடகை வண்டிக்குப் போகவர நிறைய கேட்கிறார்கள். “ரெண்டா சாப்பிட்டா ரெண்டு மாசத்துல தீர்ந்துடும். ஒன்னா சாப்பிட்டா நாலு மாசத்துக்கு வரும். யாரையும் போய்க் கூப்பிட வேணாம் பாரு.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, அம்மா?”

“உனக்கு வேலை. அவருக்கும் வேலை. கொஞ்ச நாள்தானே, சமாளிச்சுக்கலாம்னு இருந்தேன்.”

கோபித்துக்கொள்ள எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பின்பக்கம் போய்த் துணிகளை எடுத்து வந்தேன். அவை இன்னும் காயவில்லை. இருந்தாலும் எடுத்து வந்தேன்.

மறுநாள் கிளினிக்குக்குப் போனோம். சாலைத் தடுப்பில் அம்மாவின் மருத்துவ அட்டையைக் காட்டியதும் வழிவிட்டார்கள். கிளினிக் வாசலில் உடல் வெப்பத்தைப் பார்த்து, ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை அளவு 14.6 என்று காட்டியது. ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அம்மாவின் பாதங்களைக் கழுவச் சொல்லி, விரல்களுக்கு நடுவே விளக்கடித்துப் பார்த்தார். புண் எதுவும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முகக்கவரிக்குள் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. திரும்பும் வழியில், “மீன் கடை திறந்திருக்குமா பாரு” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் யார் எதைச் செய்வது என்பது தானாகவே மாறியது. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மகனின் வேலை. மகள் ஐந்தரைக்கே எழுந்து பாட்டியோடு வாசல் கூட்டத் தொடங்கினாள். வகுப்புக்கு முன் தலைவாரிவிடுவதும் அந்த நேரத்திலேயே முடிந்தது. சமையலறையில் நான் காய் நறுக்கினேன், டப்பாக்களைத் தொடவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயில் திறக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கணவர் காணொலியில் வருவார். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு இளைத்துப்போயிருந்தார். அம்மா திறன்பேசியின் முன்னால் சோற்றுத் தட்டைக் காட்டி, “இதைப் பார்த்தாச்சும் ரெண்டு வாய் சாப்பிடுங்க மாப்பிள்ளை” என்பார். திரையில் அவரும் தம் ரொட்டியைத் தூக்கிக் காட்டுவார்.

ஜூன் 10-ஆம் தேதி கட்டுப்பாடு தளர்ந்தது. மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை புறப்பட்டோம். ஏழு நாளுக்குக் கொண்டுவந்த உடுப்புகளில் மகனுக்குப் பாதி சிறியதாகிவிட்டன. அம்மாவை உடன் வரும்படி அழைத்தேன். அறை தயாராக இருக்கிறது, மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். கடைசியில், “கொஞ்ச நாள்தானே, வாங்க அம்மா” என்று சொல்லிவிட்டேன்.

அம்மா சிரித்துவிட்டார். “இந்தக் கொஞ்ச நாளை நம்பித்தான் உன் பாட்டி கப்பலேறினாங்க.”

அவர் வரவில்லை. கிளினிக் தேதிகளை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்துவிட்டு வந்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விடுப்பெடுத்து நானே போய் அழைத்துப் போகிறேன். இரவு அழைப்பு இப்போதும் உண்டு. ஆனால் அது என் கையில் இல்லை. மகன் அழைப்பான், பாட்டி மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார், அவன் எண்ணுவான். சில நாள் கணக்கில் ஒன்று கூடுதலாக வரும். அன்று அவன் என்னிடம் சொல்வதில்லை. “போய்த் தண்ணி எடுத்துட்டு வாங்க பாட்டி” என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பி வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.