கரையிற நூலும் எங்கட சீட்டுக் காசும்



எங்கட ஸ்டாஃப் ரூம் சீட்டில் இந்த மாதம் பெயர் விழுந்தது ஆலையடிவேம்பு மூத்த டீச்சருக்கு. மகளின் கல்யாணம் வருகுது, நகைக்குத்தான் என்று நினைத்தோம். "முகத்துக்கு நூல் போடப் போறன்" என்றா. தொங்கிய கன்னத்தை ஒப்பரேசன் இல்லாமல் தூக்குவார்களாம், நூல் தானாகக் கரையுமாம். ஃபோனில் விளம்பரத்தையும் காட்டினா. நாங்கள் சிரித்துவிட்டோம்.

"சிரியாதீங்க பிள்ளையள். கல்யாண வீடியோவுல காலம் முழுக்க இந்த முகம்தானே நிக்கப் போகுது."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நூல் கரையும் என்பது பொய்யில்லை. சிசேரியன் செய்த எங்களில் பலருக்கு உள்தையலை யாரும் பிரிக்கவில்லையே. குர்துபாவில் வாழ்ந்து 1013இல் மறைந்த அஸ்ஸஹ்ராவி, மிருகக் குடலில் எடுத்த நூலால் குடல் காயத்தைத் தைப்பதை அன்றே எழுதி வைத்தார். இன்று முகத்துக்குப் போடுவதில் அதிகம் பீ.டி.ஓ. நூல். அதுவும் அறுவைச் சிகிச்சைத் தையலுக்கு வந்த நூல்தான். விறைக்க ஊசி போட்டு, தோலுக்குக் கீழே நூலைச் செலுத்துவார்கள். நூலில் உள்ள சின்ன முட்கள், நெருஞ்சி சாரியில் பிடிப்பது போல, சதையைப் பிடிக்கும். இழுத்து நுனியை வெட்டுவார்கள். சுமார் 6 மாதத்தில் நூல் கரையும். அந்த இடத்தில் உண்டாகும் கொலாஜன் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். ஒன்று, ஒன்றரை வருடத்தில் பெரும்பாலும் பழைய கன்னம்தான். நிறையத் தொங்கிய தோலுக்கு இது போதவும் போதாது.

விளம்பரத்தில் இல்லாதது: வீக்கம், கன்னத்தில் குழி, நூல் நுனி வெளியே தள்ளுதல், கிருமி பிடித்தல், அரிதாக முக நரம்பில் பாதிப்பு. டீச்சருக்குச் சீனி வருத்தம் வேறு.

ஸ்பீக்கரில் போட்டு அந்த இடத்துக்கே கோல் எடுத்தோம்.

"செய்யிற டொக்டர்ட பேர் என்ன?"

"டொக்டர் தேவையில்ல மிஸ், ட்ரெய்னிங் எடுத்தவங்க செய்வாங்க."

"சீனி இருக்கு, பரவாயில்லையா?"

"ஒன்றும் ஆகாது, கரையிற நூல்தானே."

கரையும் வரை அது முகத்துக்குள்தானே இருக்கும்! கிருமி போனால் அது நூலோடு சேர்ந்து கரையாது.

மார்க்கத்தில் கூடுமா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள், அது எங்கள் பாடமில்லை. ஆனால் ஊசி பிடிப்பவரின் பெயரைக் கேட்டு, இலங்கை மருத்துவச் சபைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் மருத்துவ நிலையங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும்.

டீச்சர் முதலில் சீனியைப் பார்க்க கிளினிக் போறேன் என்றிருக்கா. சீட்டுக் காசு அலுமாரியில் இருக்கிறது. விளம்பரத்தை ஃபோனிலிருந்து அழிக்கவில்லை. நாங்களும் அழிக்கச் சொல்லவில்லை.