நிக்கிற காருக்கு டோல்

கார் ஓசூர் பாகலூர் ரோட்டுல வீட்டு வாசல்லயே நிக்குது.
பானட் தூசியில பூனைக் கால் தடம்கூட கலையல.
போன்ல மெசேஜ்: எல்லைக்கு அந்தப் பக்கம் டோல் தாண்டிட்டீங்களாம். ஃபாஸ்டேக்ல காசு போச்சு.

பேங்க் கஸ்டமர் கேருக்கு அடிச்சேன்.
தமிழுக்கு மூணை அழுத்தச் சொல்லுச்சு. அழுத்தினா கன்னடம் வருது.
ஓசூர்க்காரனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா? தெலுங்குலயும் சமாளிப்போம்.
ஆனா எந்த மொழியிலயும் "நான் போகவே இல்லீங்க"ன்னு சொல்ல ஒரு பட்டன் இல்ல!

அந்த ரெக்கார்டிங் குரலுக்கு நான் "ஆமா மேடம், சரிங்க மேடம்"னு பதில் சொல்லிட்டிருக்கேன். மக விழுந்து விழுந்து சிரிக்கிறா.

இது எப்படி நடக்குதுன்னா, ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை ரீடர் படிக்கலைன்னா, டோல்ல வண்டி நம்பரைக் கையால அடிப்பாங்க. ஒரு நம்பர் மாறினா போதும், யாரோ போன ஊருக்கு நாம காசு கட்டணும். இப்படித் தப்பா காசு எடுத்த டோல்காரங்களுக்கு, ஒவ்வொரு தப்புக்கும் 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டிருக்காங்க. புகார் சொல்ல 1033க்கு போன் பண்ணணும்.

தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஓடுற மக்களே,
இப்படிப் போன காசு திரும்பி வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?