இறுகிய கால் வைஸ்

காயலான் கடையில் துருப்பிடித்த கால் வைஸைப் பார்த்தால் பலரும் தாடையைத்தான் தடவுவார்கள். நான் திருகு போய் நுழையும் பின்குழாயைப் பார்ப்பேன். தாடை சிதைந்திருந்தால் வெல்டிங் வைத்து ராவிக்கொள்ளலாம். குழாய்க்குள் மரை தேய்ந்திருந்தால் பெரும்பாலும் எடைக்குத்தான் போடவேண்டும்.

மேசை வைஸ் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சம்மட்டி அடிக்கு விரிசல் விடும். கால் வைஸ் உலையில் அடித்து எடுத்தது. அடியின் வேகம் அதன் நீண்ட கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். அதனால் எத்தனை பழசானாலும் அது இறுகிக் கிடக்குமே தவிர, உடைந்து கிடப்பது அபூர்வம்.

இறுகியதைக் கண்டதும் கைப்பிடியில் பைப்பைச் செருகி ஆளும் பேருமாகத் தொங்குவார்கள். கைப்பிடி வளையும், திருகு அசையாது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரை இடுக்கில் ஆப்பு அடித்த மாதிரி. மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறப்போட்டு, சின்னச் சுத்தியலால் குழாயைச் சுற்றித் தட்டிக்கொண்டே வரவேண்டும். திருகு பின்வாங்கியும் தாடை திறக்கவில்லையென்றால், குற்றவாளி கீழே இருக்கும் கீல் போல்ட்டும் நடுவிலுள்ள பட்டை ஸ்பிரிங்கும்தான்.

அடுத்தது சூடு. இங்கேதான் கவனம் வேண்டும். பழைய குழாய்கள் பலவற்றில் மரை தனியாகச் செய்யப்பட்டு, பித்தளையால் உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். பித்தளை ஏறத்தாழ 900 டிகிரியில் உருகிவிடும். உலைத் தீ அதைச் சுலபமாகத் தாண்டும். இங்கிலாந்தின் பீட்டர் ரைட் வைஸ்களில் ‘சாலிட் பாக்ஸ்’ என்று முத்திரை இருக்கும். அதில் மரை முழு இரும்பிலேயே வெட்டியது. முத்திரை இல்லாததைப் பித்தளைப் பற்று என்றே எடுத்துக்கொள்வது நல்லது. டார்ச்சால் குழாயை மட்டும் சூடாக்கி, சிவப்பு ஏறும் முன் நிறுத்தி, மெழுகுவத்தியைத் திருகின் ஓரத்தில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். பிறகு கைப்பிடியை இடமும் வலமுமாக மயிரிழை மயிரிழையாக ஆட்டவேண்டும். கறுத்த காப்பி நிறத்தில், விரலில் மணல் போல் நெருடும் கசடு வழியத் தொடங்கினால் காரியம் பாதி முடிந்தது.

கழற்றிய பாகங்களின் துரு நீங்க வாஷிங் சோடாத் தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் போதும். பாகத்துக்கு நெகட்டிவ், பழைய இரும்புத் துண்டுக்குப் பாசிட்டிவ். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் வெட்டவெளியில் வைக்கவேண்டும். ஸ்டெயின்லெஸ் துண்டு ஆகவே ஆகாது. அதிலிருந்து வரும் குரோமியம் விஷம். கிரைண்டரை நான் தொடுவதில்லை. பழைய கொல்லரின் சுத்தியல் தடத்தை மழுங்கச் சிரைத்து என்ன ஆகப்போகிறது? எண்ணெய் புகையும் அளவு சூடாக்கி ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் கறுப்பு தானாக ஏறும். மரைக்குக் கிரீஸ். திருகின் தலைக்குக் கீழே வரும் குழிந்த வாஷர் தொலைந்திருந்தால் அவசியம் செய்து போடவேண்டும்; தாடை கீலில் சாய்ந்து திறப்பதால், அது இல்லாமல் திருகு கோணிக்கொள்ளும்.

எல்லாம் பூட்டியதும், “தாடை மேலே ஒட்டுது, கீழே சந்து தெரியுது” என்று ஒருவர் அரத்தோடு வருவார். விடக்கூடாது. செய்தவர் வேண்டுமென்றே விட்ட சந்து அது. மெல்லிய தகட்டை மேல் விளிம்பு கவ்வும். தாடை விரிய விரியப் பிடி கீழே இறங்கும்.